ஒத்திவைக்கப்பட்ட பழுது: ஃப்ளோரிடாவின் அடுக்குமாடிச் சங்கங்களும் சட்டமும்



அமெரிக்காவில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களை நடத்துகிற நிர்வாகக் குழுக்களுக்கு எழும் சட்டச் சிக்கல்களைப் பற்றிப் பேசப்போகிறேன். நாய் வளர்க்கலாமா, வாசலில் என்ன நிறம் அடிக்கலாம், வாடகைக்கு விடலாமா என்ற சண்டைகளே முதலில் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் பெரிய தீர்ப்புகள் உண்டு. மூன்று பூனைகள் வளர்த்த ஒரு பெண்மணிக்கும் 530 வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கத்துக்கும் நடந்த வழக்கு 1994இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவு செய்யப்பட்ட சாசனத்தில் உள்ள தடை நியாயமானது என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. வீட்டில் தேசியக் கொடி பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடுக்கக்கூடாது என்று 2006இல் அமெரிக்க நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. இவற்றை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு கட்டடத்தையும், அது விழுவதற்கு முன்னும் பின்னும் சட்டம் நடந்துகொண்ட விதத்தையும் பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடம் நிற்பதற்கு வேண்டிய செலவை அதில் குடியிருப்போரின் பெரும்பான்மை வாக்குக்கு விடக்கூடாது. வாக்கிலிருந்து அதை எடுத்துவிட்டால், அந்தச் செலவைத் தாங்க முடியாதவரைக் காப்பதும் அதே சட்டத்தின் கடமை. ஃப்ளோரிடா மாநிலம் முதல் பாதியை மிகத் தாமதமாகச் செய்தது. இரண்டாவது பாதியை இன்னும் சரியாகச் செய்யவில்லை.

மயாமி நகருக்கு வடக்கே அட்லாண்டிக் கரையில் சர்ஃப்சைடு என்று ஒரு சிற்றூர். அங்கே காலின்ஸ் அவென்யூவில், கடலைப் பார்த்தபடி, சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் என்ற குடியிருப்பு 1981இல் கட்டி முடிக்கப்பட்டது. 12 மாடிகள், 136 வீடுகள். 2021 ஜூன் 24 அன்று, அதிகாலை ஒன்றரை மணி ஆவதற்குச் சற்று முன், நீச்சல் குளத்தை ஒட்டிய தளம் கீழிருந்த கார் நிறுத்தத்தின் மேல் இறங்கியது. அடுத்த சில நிமிடங்களில் கட்டடத்தின் ஏறத்தாழ பாதி சரிந்து விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள், விருந்தாளியாக வந்து தங்கியிருந்தவர்கள் என 98 பேர் இறந்தார்கள்.

இந்தப் பேரிழப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய ஆய்வில் நீச்சல் குளத் தளத்தைப் பற்றிச் சில உண்மைகள் தெரியவந்தன. அந்தத் தளம் வடிவமைக்கப்பட்ட காலத்து விதிகள் கேட்ட வலிமைகூடப் பல இடங்களில் அதற்கு இருக்கவில்லை. பிற்காலத்தில் அதன் மேல் கூடுதல் செடித் தொட்டிகளும் தரைக்கற்களும் சுமையாக ஏறின. ஆகவே குறை தொடங்கியது வரைபடத்தில். இதைச் சொல்லாமல், பின்னால் வந்து குழுவில் உட்கார்ந்த குடியிருப்பாளர்கள் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் குறை மீது உப்புக்காற்றும் தேங்கிய நீரும் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தபோது, அதைக் கண்டறிந்து சரிசெய்யும் கடமை யாருடையது என்று கேட்டால், சட்டம் சங்கத்தைத்தான் காட்டுகிறது.

அந்தக் கடமை எப்படிப் பிறந்தது என்று சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு கட்டடத்தின் மாடிகளைத் தனித்தனிச் சொத்தாகப் பிரித்து விற்கும் முறை அமெரிக்காவுக்கு வந்த வழி போர்ட்டோ ரிக்கோ. அங்கே 1958இல் அதற்கெனச் சட்டம் வந்தது. 1961இல் அத்தகைய வீடுகளின் கடனுக்கு மைய அரசு உத்தரவாதம் தர ஒப்புக்கொண்டதும், மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் இயற்றின. ஃப்ளோரிடாவின் சட்டம் 1963இல் வந்தது. வீடு உங்களுக்குத் தனியே சொந்தம். தூண், கூரை, அடித்தளம், படிக்கட்டு, குளம் எல்லாம் எல்லோருக்கும் பொதுவில் சொந்தம். நம் ஊரில் யு.டி.எஸ். என்று நாம் சொல்கிற பிரிபடாத பங்கு போன்றதுதான். அந்தப் பொதுச் சொத்தைப் பேணுவதற்குச் சங்கம், சங்கத்தை நடத்த ஒரு குழு. குழுவுக்குச் சம்பளம் கிடையாது. பல் மருத்துவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கடை வைத்திருப்பவர் என்று யார் வேண்டுமானாலும் தேர்தலில் நின்று உள்ளே வரலாம். ஆனால் அவர்கள் கையில் உள்ள அதிகாரம் சிறியதல்ல. கட்டணம் கட்டாதவர் வீட்டின் மேல் பற்றுரிமை பதிவு செய்து, நீதிமன்றம் மூலம் அந்த வீட்டை ஏலத்துக்கே கொண்டுவரலாம்.

மயாமிக்குக் கடலின் உப்பு புதிய பகையல்ல. 1974 ஆகஸ்டில் நகரின் நடுவே அரசு அலுவலகம் ஒன்று இயங்கிய பழைய கட்டடம் இடிந்து 7 பேர் இறந்தார்கள். கம்பிகளை உப்பு அரித்திருந்ததும், மேல்தளத்தைக் கார் நிறுத்தமாக்கியதும் காரணமாகக் கூறப்பட்டன. அதன் பிறகுதான் மயாமி-டேட் மாவட்டம், 40 வயதைத் தொட்ட கட்டடங்கள் பொறியாளர் சோதனைக்கு உட்பட்டு மறுசான்று பெற வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத்துக்கு அந்த நாற்பதாவது ஆண்டு 2021.

அதற்கு ஆயத்தமாகச் சங்கம் 2018இல் ஒரு பொறியாளரை அழைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் தந்த அறிக்கை தெளிவானது. நீச்சல் குளத் தளத்தின் அடியில் போடப்பட்ட நீர்த்தடுப்புப் படலம் கெட்டுவிட்டது, தளம் சரிவில்லாமல் சமமாகப் போடப்பட்டதால் தண்ணீர் வடிய வழியில்லை, கீழே கான்கிரீட் ஸ்லாபில் பெரும் கட்டமைப்புச் சேதம் உள்ளது, விரைவில் சரிசெய்யாவிட்டால் சேதம் பன்மடங்கு பெருகும் என்று எழுதியிருந்தார். பழுது பார்க்க மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 91 லட்சம் டாலர். அடுத்த மாதமே ஊர் நிர்வாகத்தின் கட்டட அதிகாரி சங்கக் கூட்டத்துக்கு வந்து, கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார் என்று கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. கையில் பொறியாளரின் எச்சரிக்கை, காதில் அதிகாரியின் ஆறுதல். எந்தக் குழுவும் எதை நம்ப விரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை ஒரு சங்கத்தின் சாதாரண வாழ்க்கைதான். அதனால்தான் அவை எனக்கு அதிகம் வலிக்கின்றன. செலவு ஏன் இவ்வளவு, வேறு ஒப்பந்தக்காரர் கிடைக்கமாட்டாரா, நுழைவு மண்டபத்தை அழகுபடுத்துவதை முதலில் செய்யலாமா பின்னால் செய்யலாமா என்ற வகைச் சச்சரவுகள் எந்தச் சங்கத்துக்கும் புதிதல்ல. 2019இல் ஏழு உறுப்பினர்கள் கொண்ட குழுவிலிருந்து ஐந்து பேர் விலகினார்கள். 2021 ஏப்ரலில் அப்போதைய தலைவர் எல்லா உரிமையாளர்களுக்கும் நீண்ட கடிதம் எழுதினார். 2018இல் கண்ட சேதம் இப்போது வெகுவாகக் கூடிவிட்டது, விலைவாசியும் ஏறிவிட்டது என்று பொறுமையாக விளக்கினார். அந்த மாதம் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சிறப்பு வசூல் நிறைவேறியது. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்காரருக்குச் சுமார் 80 ஆயிரம் டாலர், உச்சி மாடி வீட்டுக்காரருக்கு 3 லட்சத்து 36 ஆயிரம் டாலர். பணம் கட்ட வேண்டிய நாள் ஜூலை 1. கட்டடம் அதற்கு ஒரு வாரம் முன்பு விழுந்தது.

ஏன் ஒரே மூச்சில் இவ்வளவு பெரிய தொகை? சேம நிதி இல்லை, அதுதான் காரணம். அந்தச் சங்கத்திடம் இருந்த சேம நிதி சுமார் 7 லட்சம் டாலர். இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டது ஒரு கோடிக்கும் மேல். இது சட்டவிரோதமா? அங்கேதான் சிக்கல். ஃப்ளோரிடாவின் அப்போதைய சட்டப்படி கூரை, வண்ணப்பூச்சு, பாதை, 10,000 டாலருக்கு மேல் செலவாகும் பிற பழுதுகள் ஆகியவற்றுக்கு ஒவ்வோர் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் சேம நிதி ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே பிரிவு, பொதுக்கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கால் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம், முழுவதுமாக விட்டுவிடவும் செய்யலாம் என்று அனுமதித்தது. ஆண்டுதோறும் அப்படி விட முடிந்தது. கட்டடத்தைப் பேணும் கடமையைக் குழுவின் தலையில் ஏற்றிய சட்டம், அதற்கான பணத்தைப் பொதுக்குழுவின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

பொதுக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர், இரண்டு ஆண்டில் விற்றுவிட நினைக்கும் முதலீட்டாளர், மாத ஓய்வூதியத்தை எண்ணிச் செலவழிக்கும் எண்பது வயது விதவை, நேற்றுக் கடன் வாங்கி வீடு வாங்கிய இளம் தம்பதி. இவர்கள் யாருக்கும் இருபது ஆண்டு கழித்து அழுகப்போகும் ஸ்லாபுக்காக இன்று மாதம் 200 டாலர் கூடுதலாகக் கட்ட மனம் வராது. இவர்கள் கெட்டவர்கள் அல்லர். இன்று ஓட்டுப் போடுகிறவரும் நாளை பணம் கட்டப்போகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அந்த நாளைய ஆளுக்கு இந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. கட்டணத்தை உயர்த்துவோம் என்று சொல்லும் குழு அடுத்த தேர்தலில் தோற்கும். உயர்த்தமாட்டோம் என்பவர் ஜெயிப்பார்.

சட்டம் இயற்றியவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. மூன்று மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ கொண்டு பராமரிப்பு நிலையையும் வரப்போகும் செலவையும் மதிப்பிட வேண்டும் என்று ஃப்ளோரிடா 2008இல் ஒரு விதி கொண்டுவந்தது. சங்கங்களுக்கு அது சுமை என்று எதிர்ப்பு எழுந்தது. 2010இல் அந்த விதி நீக்கப்பட்டது. இந்த விஷயத்தில் சட்டமன்றத்தின் பொறுப்பு எந்த ஒரு குழுவின் பொறுப்பையும்விடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, குழு உறுப்பினரின் தனிப்பட்ட பொறுப்பு என்ன? அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் இரண்டு பக்கமும் இழுபட்டிருக்கின்றன. 1999இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்த்த லாம்டன் வழக்கு பொதுவாகக் குழுக்களின் கவசமாகக் கருதப்படுகிறது. லா ஹோயா என்ற கடற்கரை ஊரில் ஒரு குடியிருப்பில் கரையான். கட்டடம் முழுவதையும் மூடிப் புகை போட வேண்டும் என்றார் ஓர் உரிமையாளர். செலவையும், எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய சிரமத்தையும் எண்ணி, கரையான் கண்ட இடங்களில் மட்டும் மருந்தடித்தால் போதும் என்று குழு முடிவு செய்தது. குழு விசாரித்து, நல்லெண்ணத்துடன், எல்லோர் நலனையும் கருதி, தன் அதிகாரத்துக்குள் எடுத்த பராமரிப்பு முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்றது தீர்ப்பு. சம்பளமில்லாமல் உழைக்கும் சாதாரண மக்களை ஒவ்வொரு முடிவுக்கும் கூண்டில் ஏற்றினால், நாளை யாரும் குழுவுக்கு வரமாட்டார்கள். அந்த அளவில் தீர்ப்பு சரி.

ஆனால் அதே நீதிமன்றம் 1986இல் தந்த இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் திருட்டு மலிந்த ஒரு குடியிருப்பு. தன் வீட்டில் ஏற்கெனவே கொள்ளை நடந்திருந்ததால், வெளியே விளக்கு போடுங்கள் என்று ஒரு பெண் பலமுறை கேட்டார். சங்கம் அசையவில்லை. அவரே வெளிவிளக்கு பொருத்திக்கொண்டார். விதிமீறல், கழற்று என்று குழு உத்தரவிட்டது. விளக்கை அணைக்க மின்சாரத்தையே நிறுத்த வேண்டிய அமைப்பு. அவர் நிறுத்திய இரவில் ஒருவன் உள்ளே புகுந்து அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினான். சங்கம் ஒரு வாடகை வீட்டு உரிமையாளரைப் போலவே பொறுப்பாளி ஆகலாம், ஆபத்தை அறிந்தும் செயல்படாத குழு உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பாகலாம் என்று நீதிமன்றம் வழக்கைத் தொடர அனுமதித்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். லாம்டன் காப்பது முடிவெடுத்த குழுவை. விசாரித்து, எழுதி வைத்து, காரணம் சொல்லி எடுத்த முடிவு பின்னால் தவறாகப் போனாலும் சட்டம் பொறுத்துக்கொள்ளும். அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்து, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கலைந்து போகும் குழு எந்த முடிவையும் எடுக்கவில்லை. அதற்கு அந்தக் கவசம் பொருந்தாது என்றே நான் வாசிக்கிறேன். ஃப்ளோரிடாவில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் இயக்குநர்களுக்குச் சட்டமே பரந்த பாதுகாப்பு தருகிறது. குற்றச்செயல், சொந்த ஆதாயம், பொறுப்பற்ற துணிச்சல் போன்றவை இருந்தாலொழிய அவர்கள் கையிலிருந்து பணம் போகாது. அங்கே குழு உறுப்பினர் பயப்பட வேண்டியது நீதிமன்றத்தைவிட அடுத்த தேர்தலைத்தான் என்று ஆகிவிட்டது.

கட்டடம் விழுந்த பின் நடந்த வழக்கு, உரிமையாளர் என்ற நிலையின் இன்னொரு முகத்தைக் காட்டியது. மயாமி-டேட் நீதிமன்றத்தில் நீதிபதி மைக்கேல் ஹான்ஸ்மன் எல்லா வழக்குகளையும் ஒன்றாக்கி விசாரித்தார். குழுவின் இடத்தில் ஒரு நிர்வாகப் பொறுப்பாளர் அமர்ந்தார். சங்கத்தின் காப்பீடுகள் அனைத்தையும் கூட்டினாலும் 5 கோடி டாலர் அளவைத் தாண்டவில்லை. எஞ்சியிருந்த ஒரே பெரிய சொத்து அந்த நிலம். அது ஒரு துபாய் நிறுவனத்துக்கு 12 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அந்தப் பணம் யாருக்கு என்பதில் தொடங்கியது வேதனை. உறவினரை இழந்தவர்கள், சங்கத்தின் அலட்சியத்துக்குச் சங்க உறுப்பினர்களே பொறுப்பு, எனவே நிலத்தின் பணம் எங்களுக்கு வர வேண்டும் என்றார்கள். உயிர் தப்பிய உரிமையாளர்கள், வீட்டையும் உடைமைகளையும் இழந்த நாங்கள் எங்கே போவது என்றார்கள். சில குடும்பங்கள் இரண்டு பக்கமும் நின்றன. வீடும் போயிருந்தது, வீட்டிலிருந்தவரும் போயிருந்தார்.

சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. பொதுச் சொத்தின் பயன்பாட்டில் சங்கம் செய்த தவறுக்கு ஒவ்வோர் உரிமையாளரும் தம் பங்கின் விகிதத்தில் பொறுப்பாவார், ஆனால் அந்தப் பொறுப்பு அவர் வீட்டின் மதிப்பைத் தாண்டாது என்று ஃப்ளோரிடாவின் சட்டம் கூறுகிறது. சங்கம் என்பது தனக்கு அப்பால் எங்கோ இருக்கும் அலுவலகம் என்று எண்ணி வாழ்ந்த பலர், அதன் தவறுக்குத் தம் வீட்டின் மதிப்பு வரை தாமே பொறுப்பாளிகள் என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். மத்தியஸ்தம் மூலம் உரிமையாளர்களுக்கு முதலில் 8 கோடியே 30 லட்சம், பின்னர் 9 கோடியே 60 லட்சம் டாலர் என்று சமரசம் ஏற்பட்டது. உயிரிழந்தோர் குடும்பங்களுக்கான நிதி யாரும் எதிர்பாராத அளவுக்கு வளர்ந்தது. பொறியியல் நிறுவனம், பக்கத்து மனையில் சொகுசுக் கட்டடம் எழுப்பியவர்கள், சங்கத்தின் வழக்கறிஞர் நிறுவனம், இரவுக் காவல் நிறுவனம் எனப் பலரும், தவறை ஒப்புக்கொள்ளாமலே, பணம் தந்தார்கள். 2022 ஜூன் 23 அன்று, விபத்தின் முதலாண்டு நினைவுக்கு முதல்நாள், 102 கோடி டாலர் அளவுக்கான தீர்வை நீதிபதி அங்கீகரித்தார். அதில் பாதிக்கு மேல் காவல் நிறுவனத்தின் பங்கு. குடியிருப்போரை எழுப்ப அபாய மணி முறையாக ஒலிக்கவில்லை என்பது அதன் மீதான குற்றச்சாட்டு.

அதற்கு ஒரு மாதம் முன்பே, 2022 மே மாதச் சிறப்புக் கூட்டத் தொடரில், ஃப்ளோரிடா சட்டமன்றம் ஓர் எதிர் ஓட்டுக்கூட இல்லாமல் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் 30 வயதில் கட்டாயச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது அந்தச் சட்டம். கடற்கரையிலிருந்து 3 மைலுக்குள் இருந்தால் 25 வயதில் என்று அப்போது விதித்தது. பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. கூரை, தாங்கு சுவர்கள், தீத்தடுப்பு, குழாய், மின்சாரம், நீர்த்தடுப்பு, வெளிச் சன்னல் கதவுகள் ஆகியவற்றுக்குப் பொறியாளர் பார்வையில் சேம நிதி ஆய்வு நடத்த வேண்டும். அந்த ஆய்வு சொல்லும் தொகையை இனி வாக்கெடுப்பால் விட்டுவிட முடியாது. தெரிந்தே ஆய்வு நடத்தத் தவறினால், அது குழு உறுப்பினரின் நம்பிக்கைக் கடமை மீறல். 98 பேர் இறந்த பிறகே அந்த வழி மூடப்பட்டது. மூடப்பட்டது சரி.

சட்டத்தின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாகச் சேர்க்காமல் விட்டதை மூன்றே ஆண்டில் சேர்க்கச் சொன்னால் என்ன ஆகும்? பழைய குடியிருப்புகளில் சிறப்பு வசூல் பல்லாயிரம் டாலராக வந்து இறங்கியது. வீட்டுக் கடன் சந்தையின் முதுகெலும்பான ஃபேனி மே நிறுவனம், பெரும்பழுது நிலுவையில் உள்ள கட்டடங்களிலும், வரவுசெலவில் 10 சதவீதத்தைச் சேம நிதிக்கு ஒதுக்காத சங்கங்களிலும் உள்ள வீடுகளுக்கான கடனை ஏற்பதைக் கட்டுப்படுத்தியது. கடன் கிடைக்காத வீட்டை வாங்க ஆள் இல்லை. கட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் நின்றவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். வேலை செய்த காலமெல்லாம் சேமித்துக் கடலோரத்தில் ஒரு சிறிய வீடு வாங்கி, கடனை அடைத்து, இனி செலவில்லை என்று நம்பியிருந்தவர்கள்.

அந்த இடத்தில் நுழைந்தவர்கள் மனைத்தொழில் நிறுவனத்தார். பழைய கடலோரக் கட்டடத்தை மொத்தமாக வாங்கி இடித்துச் சொகுசு மாளிகை எழுப்ப அவர்களுக்கு ஆவல். ஃப்ளோரிடாவின் சட்டப்படி 80 சதவீத உரிமையாளர்கள் சம்மதித்து, எதிர்ப்பு 5 சதவீதத்தை எட்டாவிட்டால், கூட்டுடைமையையே கலைத்துவிடலாம். மயாமியில் பிஸ்கெய்ன் 21 என்ற கட்டடத்தின் சாசனமோ நூறு சதவீதச் சம்மதம் வேண்டும் என்றது. பெரும்பாலான வீடுகளை வாங்கிய நிறுவனம் சாசனத்தைத் திருத்தி 80 சதவீதமாக்கிக்கொண்டு கலைக்க முயன்றது. எஞ்சிய சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஒவ்வோர் உரிமையாளருக்கும் சாசனம் தந்த தடை அதிகாரத்தை மற்றவர்கள் ஓட்டுப் போட்டுப் பறிக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். பழுது பார்க்கும் பணத்தைத் தடுக்கப் பெரும்பான்மைக்கு உரிமை இருக்கக்கூடாது. ஒருவரின் வீட்டையே விற்கச் செய்யும் உரிமை அதற்கு எளிதில் கிடைக்கவும் கூடாது.

2025இல் சட்டமன்றம் மீண்டும் திருத்தியது. ஆய்வுக்கான கெடு ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. சேம நிதிக்குப் பதிலாக வங்கிக் கடன் வசதி வைத்துக்கொள்ளவும், சோதனை முடித்த சங்கங்கள் பழுது வேலையை முடிக்கும்வரை இரண்டாண்டு வரை நிதிச் சேர்ப்பை நிறுத்திவைக்கவும் அனுமதி கிடைத்தது. மூச்சுவிட இடம் கிடைத்தது உண்மைதான். ஆனால் இந்தச் சலுகைகள் எல்லாம் சங்கத்துக்கு. பணம் கட்ட முடியாத தனி மனிதருக்கு அதில் நேரடியாக எதுவும் இல்லை. சங்கம் வாங்கும் கடனும் அவர் தலையில்தானே மாதத் தவணையாக வந்து விழும்.

இதையெல்லாம் தமிழ்நாட்டில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் 1980களில் எழுந்த அடுக்குமாடிகளுக்கு இப்போது நாற்பது வயது. நம் கடலும் உப்புக் கடல்தான். கட்டமைப்புக் குறைக்குக் கட்டுநர் பொறுப்பேற்க வேண்டிய காலம் ரெரா எனப்படும் மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டு. அதன் பிறகு எல்லாம் சங்கத்தின் பாடு. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதத்தை மூழ்குநிதியாகவும், 0.75 சதவீதத்தைப் பழுது நிதியாகவும் வசூலிக்கச் சொல்கின்றன. மும்பையில் 30 வயதைக் கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம். நம் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது. அது தேவையான வழி. மீதி மூன்றில் ஒரு பங்கில் இருக்கக்கூடிய, கையில் காசில்லாத முதியவரைப் பற்றித்தான் என் கவலை.

இந்த அவையில் சங்கங்களுக்குத் துணைவிதி எழுதித் தரும் இளம் வழக்கறிஞர்கள் பலர் இருக்கிறீர்கள். இரண்டு விதிகளைச் சேர்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொறியாளரின் அறிக்கையை ஆண்டுக் கணக்கோடு இணைத்து ஒவ்வோர் உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும், அதில் கட்டமைப்புக்கெனக் குறித்த தொகையைப் பொதுக்குழு குறைக்க முடியாது என்பது ஒன்று. மற்றது, அறுபது வயதைக் கடந்து, அந்த ஒரே வீட்டில் தாமே குடியிருப்பவர் தம் பங்கைக் கட்ட முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகையை வீட்டின் மேல் பொறுப்பாகப் பதிவு செய்துகொண்டு வசூலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது. வீடு விற்கும்போதோ வாரிசின் பெயருக்கு மாறும்போதோ சாதாரண வட்டியுடன் அது முதலில் தீர்க்கப்பட வேண்டும். இடைக்காலத்தில் பணத்துக்கு என்ன செய்வது என்று பொருளாளர் கேட்பார். அதற்காகவே சேம நிதியில் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தலைப்பில் ஒதுக்கியதை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று அதே விதியில் எழுதிவிடுங்கள்.